மாடி அக்காவின் கிளிப்பச்சைத் தலைக்கட்டு

நம் வயதுக்காரர்களுக்கு ரவிக்கைத் துணியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்களே, அதுதான். நீளம் போதாது, நிறம் எந்தச் சேலைக்கும் ஒத்துப்போகாது, தண்ணீரில் போட்டால் பாதியாகிவிடும். ஆகவே யாரும் தைக்க மாட்டார்கள். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அதையே மடித்து வைத்துக் கொடுத்துவிடுவார்கள். நாம் கொடுத்தது ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஆறு மாதம் கழித்து நம் வீட்டுக்கே வந்து சேரும். அம்மாவின் பீரோ அடித்தட்டில் அப்படி ஒரு கட்டு எப்போதும் இருக்கும். அதிலிருந்த ஒரு கிளிப்பச்சைத் துணியால் என்ன நடந்தது என்று இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணப் பெண்ணான என் அக்காவிடமே சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. நாங்கள் நரிமேட்டில் குடியிருந்தோம். கீழே நாங்கள், மேலே ஓர் அறை, ஒரு மொட்டைமாடி. அந்த அறையில் நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த ஒரு பெண் இருந்தாள். அவளைத்தான் மாடி அக்கா என்று கூப்பிடுவேன். அப்போதெல்லாம் மதுரைக் காலேஜ்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் நிறைய உண்டு. கோரிப்பாளையம் முக்கில் அவர்கள் பஸ்ஸுக்கு நின்றால், நம் ஜனங்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் பெண்ணாக, தனியாக, வீடு எடுத்துத் தங்கியிருந்தவளை எனக்குத் தெரிந்து இவள் ஒருத்தியைத்தான் பார்த்தேன். இங்கிலீஷ் பேச ஆள் கிடைத்ததே என்று அப்பாவுக்கு மகிழ்ச்சி. அந்த இங்கிலீஷ் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவளைப் பார்த்தால் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

மாடி அக்கா தமிழ் கற்றது என்னிடமும் பால்காரரிடமும். அதனால் அவளுக்கு வந்தது ‘வாரேன், போறேன், எம்புட்டு, இம்புட்டு’ தமிழ்தான். காலேஜில் ஒரு லெக்சரர், இது எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டாராம். நரிமேட்டுத் தமிழ் என்றாளாம். எனக்கு அப்போது பதினொரு வயது. அவளுக்கு நான்தான் குரு என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சர்ச்சுக்குக் கிளம்பும்போது நான் மேலே இருந்தாக வேண்டும். ஆணியில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைக்குத் துணி கட்டுவாள். அவர்கள் ஊரில் அதற்குக் கெலே என்று பெயர். ஏதோ சாதாரணத் தலைப்பாகை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கை நீளத்துக்கு விறைப்பான துணி. ஒரு நுனியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு நுனியை அவள் நெற்றியில் வைத்து, சுற்றி, இழுத்து, விரலால் மடிப்பு மடிப்பாக எடுத்து விடுவாள். துணி சரசரவென்று சத்தம் போடும். பாச்சை உருண்டை வாசனையும் அவள் தலைக்குத் தேய்க்கும் பனங்கொட்டை எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும். முடித்துத் திரும்பினால் ஒரு சாண் உயரம் கூடியிருப்பாள். படியில் இறங்கும்போது நிலைப்படி இடித்துவிடுமோ என்று எனக்குப் பதறும்.

அதில் எத்தனை விதிகள் என்கிறீர்கள். நீலச் சாயத்தில் கோலம் போட்ட மாதிரி இருக்கும் துணி கடைகண்ணிக்கு. தறியில் நெய்த தடித்த துணி கல்யாணத்துக்கு. உயரமாகக் கட்டினால் சந்தோஷம். படியக் கட்டினால் துக்கம் கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். கல்யாணம் ஆகாத பெண் மடிப்பை இடது பக்கம் சாய்க்க வேண்டும், ஆனவள் வலது பக்கம் என்று அவள் அம்மா சொல்வாளாம். கழுத்துக்கு அந்தக் கெலேவுக்குப் பொருத்தமாக மணி. பெரிய கல்யாணம் என்றால் பவளம்தான். இவ்வளவையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு துணியைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் மனிதர்களுக்கு மட்டும் கொடுப்பார்களாம். அதை அணிந்து வருகிறவர்கள் எல்லாம் அந்த வீட்டு ஆட்கள் என்று ஊருக்குத் தெரியுமாம்.

அந்த ஆவணியில் அவளுடைய தங்கைக்கு அங்கே கல்யாணம். பரீட்சை இருந்தது, விமானத்துக்கும் வழியில்லை. கடிதம் மட்டும் வந்தது. அதை எத்தனை தடவை மடித்துப் பிரித்தாளோ, மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. அதே ஆவணியில்தான் எங்கள் வீட்டிலும் என் அக்காவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது.

மாப்பிள்ளை பேரையூர்ப் பக்கம். பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்கு மதுரையில் ஆபீஸ் வேலை. அவருடைய அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதனால் அந்த வீட்டில் எல்லாமே மாப்பிள்ளையின் அத்தை, இறந்தவரின் அக்கா, வைத்ததுதான் சட்டம். மாப்பிள்ளையின் அம்மாவை நிச்சயதார்த்தத்தில்கூட நான் பார்க்கவில்லை. அத்தைக்காரிதான் தட்டு மாற்றினாள். எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண் என் அக்கா. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்த இரண்டு மாதமும் அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

மாடி அக்காவை அழைக்க அம்மா முறையாகத்தான் போனாள். தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, குங்குமம், பீரோக் கட்டிலிருந்து கைக்கு வந்த ஒரு கிளிப்பச்சைத் துணி. மாடி அக்கா சட்டென்று இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். பெரியவர்களிடம் வாங்கினால் அவர்கள் ஊரில் அப்படித்தானாம். அம்மா ஆடிப்போய்விட்டாள். கீழே வந்து அப்பாவிடம், நாம் பெற்றது ஒன்றாவது இப்படி மண்டி போட்டிருக்கிறதா என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் கீழேயே நின்றிருந்தால் வம்பே இல்லை. திரும்பவும் மாடிக்கு ஓடினேன். மாடி அக்கா அந்தத் துணியை மடியில் விரித்து வைத்திருந்தாள். இதை எல்லாருக்கும் கொடுத்தார்களா என்று கேட்டாள். ஆமாம், சொந்தக்காரர்களுக்கு எல்லாம் கொடுப்பார்கள் என்றேன். பொய்யில்லையே? நிறம் ஆளுக்கு ஒன்று என்பதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. துணியை விரலால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

“அங்க எங்கம்மா குடுக்கணும். இங்க உங்கம்மா குடுத்திருக்காங்க.”

அவள் கண் கலங்கியிருந்தது. அது ரவிக்கைக்கு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வாயில் கொழுக்கட்டை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், கெலே கட்டிக்கொண்டு அவள் மண்டபத்துக்கு வந்தால் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பார்ப்பார்களே என்ற ஆசைதான். வேறு காரணம் எதையும் இப்போது ஜோடித்துச் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து எல்லாக் கெலேவையும் கட்டிலில் பரப்பினாள். ஊதா, மஞ்சள், ஜரிகை ஓடிய கருஞ்சிவப்பு ஒன்று. எனக்கு அந்தக் கருஞ்சிவப்பின் மேல் கண். அதைக் கட்டச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டாள். வீட்டுக்காரர்கள் துணி கொடுத்த பிறகு வேறு கட்டினால் அது அவமரியாதை என்றாள்.

ஒரு துண்டு தலைக்கு எங்கே காணும்? சனிக்கிழமை இருவரும் புதுமண்டபத்துக்குப் போனோம். தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதே கிளிப்பச்சை கிடைக்க ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினோம். கிடைத்தது. இன்னும் இரண்டு துண்டு வாங்கி, ஒட்டுத் தெரியாமல் சேர்த்துத் தரும்படி ஒரு டெய்லரிடம் கொடுத்தோம். அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, கை எம்புட்டு, கழுத்து எம்புட்டு என்றார். மாடி அக்கா தலையைச் சுற்றிக் கையைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ‘பெரிய மனுஷி’ தோரணையில், தைத்துக் கொடுங்கள் அண்ணே, கேள்வி கேட்காதீர்கள் என்றேன். ஓரத்துக்கு மெல்லிய சரிகை வைத்துக் கொடுத்தார். பாவம், நன்றாகத்தான் தைத்திருந்தார்.

பாப்ளின் துணி தலையில் விறைத்து நிற்குமா? தொங்கிப்போனது. வடித்த கஞ்சியை அம்மாவுக்குத் தெரியாமல் நான் மாடிக்குத் தூக்கிப் போனேன். முதல் தடவை சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டது. வடிகட்டி மறுபடி போட்டோம். மூன்று நாள் கஞ்சி குடித்த பிறகு துணி அப்பளம் மாதிரி ஆயிற்று. கண்ணாடி மணியா பவளமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து, அவள் அம்மா கொடுத்தனுப்பியிருந்த பவளத்தையே எடுத்தாள். நான் மல்லிகைச் சரத்தை மடிப்பில் குத்தலாம் என்றேன். வேண்டாம் என்றாள். கெலே என்றால் கெலே, பூ என்றால் பூ, இரண்டும் சேராதாம். நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு முழம் பூவை அன்றைக்கு நான் அடம்பிடித்து வைத்திருக்கலாம். இன்று யோசித்து என்ன பிரயோஜனம்.

கல்யாணம் தல்லாகுளம் பக்கம் ஒரு மண்டபத்தில். காலை முகூர்த்தம். பேரையூரிலிருந்து இரண்டு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் மணவறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். மாடி அக்கா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். வெள்ளை லேஸ் மேல்சட்டை, அதே வெள்ளையில் இடுப்புத்துணி, கழுத்தில் பவளம், தலையில் கிளிப்பச்சை. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. சரிகை ஓரம் நெற்றிக்கு மேல் நேர்கோடாக நின்றது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தாமலேயே திரும்பிப் பார்த்தார். அம்மாடி, எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. கையைப் பிடித்து நடுவழியாகக் கூட்டிக்கொண்டு போய், பெண் வீட்டார் வரிசையில், மணவறைக்கு நேராக உட்கார வைத்தேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கிளிப்பச்சையில் வேறு யாரும் இல்லை. என்ன நினைத்தாளோ, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதுகை மட்டும் இன்னும் நிமிர்த்திக்கொண்டாள்.

அத்தைக்காரியின் குரல் அம்மாவைத் தேடிக்கொண்டு வந்தது. அவள் சத்தம் போடவில்லை, அதுதான் பயம். சிரித்த முகத்தோடு அம்மாவின் தோளில் கை வைத்துக் கேட்டாள்.

“யாரு மதினி அது? வெள்ளையும் உடுத்தி, முக்காடும் போட்டு, பூவுமில்ல பொட்டுமில்ல. தாலி கட்டுற நேரம் எங்க பையன் நிமிந்தா அந்த முகத்துலயா முழிக்கணும்?”

அம்மாவுக்கு அப்போதுதான் அந்தத் துணி அடையாளம் தெரிந்தது. அத்தைக்காரிக்கும் தெரிந்துவிட்டது. ரவிக்கைத் துணியைத் தலையில் கட்டிய அதிசயத்தைப் பேரையூர் வரைக்கும் சொல்லிச் சிரிக்கலாம் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, ஏதோ அவசரம் மாதிரி, நாதஸ்வரக்காரரைப் பார்த்து நடந்துவிட்டார். கல்யாணம் ஆகாத பெண் என்று அந்த இடது பக்கச் சாய்வு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த மண்டபத்தில் அதைப் படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். பதினொரு வயதுப் பெண்ணின் பேச்சை யார் கேட்பார்கள் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் பேசிப் பார்க்கவே இல்லையே.

அம்மா என் கையைப் பிடித்துச் சாமான் அறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இந்தா பாரு. தாம்பூலப் பைக்குக் காவலா ஒரு ஆளு வேணும்னு சொல்லி அந்தப் பிள்ளையை இங்க கூட்டியாந்து உக்கார வை. தாலி கட்டி முடியிற வரைக்கும் வெளிய விடாத. என்ன ஏதுன்னு அதுக்குத் தெரியக் கூடாது. உங்கக்கா வாழ்க்கைடி.”

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணு என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்று என் தலையில் விழுந்தது. நான் போய்ச் சொன்னேன். வீட்டு ஆள்தான் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்று என் பங்குக்குச் சேர்த்தும் சொன்னேன். யாரும் கேட்காமல் நானே சேர்த்தது அது. மாடி அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். உடனே எழுந்தாள். நிலைப்படியில் தலைக்கட்டு இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள்.

அறையில் வாழைக்குலை, தேங்காய் மூட்டை, அடுக்கடுக்காக மஞ்சள் பை. ஓர் அரிசி மூட்டையின் மேல் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அம்மா என்னிடம் பேசியபோதும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். எங்கள் இருவர் கண்ணிலும் படவே இல்லை.

மாடி அக்கா அவருக்கும் முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள். அவர் பதறி எழுந்து, பக்கத்து மூட்டையைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் வெளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அவர் மெதுவாகக் கேட்டார்.

“எம்புட்டு நாளாச்சு தாயி, வீட்டுக்காரரு தவறி?”

மாடி அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தேங்காய் மூட்டையைப் பார்த்தேன். அவர் கையை விரித்து, தன் வெற்று நெற்றியைத் தொட்டுக் காட்டி, மறுபடி கேட்டார். அப்போது புரிந்தது.

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலம்மா.”

“அப்புறம் எதுக்கு ஆத்தா நீ இங்க வந்து உக்காந்திருக்க?”

பை பார்த்துக்கொள்ள என்றாள் மாடி அக்கா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. நீங்கள் எதற்கு இங்கே என்று திருப்பிக் கேட்டாள். மாப்பிள்ளை தன் மகன் என்றார் அவர். புருஷன் இல்லாதவள் அங்கே நிற்கக் கூடாது என்றார். வழக்கத்தைச் சொல்கிற மாதிரி, வருத்தம் எதுவும் காட்டாமல் சொன்னார். அதே நேரத்தில் வெளியே கெட்டிமேளம் முழங்கியது. அவர் சட்டென்று எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். மகன் தாலி கட்டுகிறான், தாய் ஒரு சுண்ணாம்புச் சுவரைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மேளம் அடங்கிற்று. மாடி அக்கா கையை உயர்த்தித் தலைக்கட்டைத் தொட்டாள். கழற்றப் போகிறாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. விரல் மடிப்பின் மேலேயே நின்றது.

“உனக்குத் தெரியுமா?”

என்னைத்தான் கேட்டாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ். தெரியும் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் தெரியாது என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். வாசலில் அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டவர் அவர். இப்போது உடைக்கப் போகிறார் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அவர் மாடி அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“சின்னப் பிள்ளை. அதுக்கு என்ன தாயி தெரியும்?”

மாடி அக்கா தலையை ஆட்டினாள். உனக்குத் தெரியாதே, அதுவரைக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். கூந்தலில் அட்சதை, கண்ணில் தண்ணீர், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முகத்தில் நிம்மதி. முடிந்துவிட்டது, வா, வந்து சாப்பிடு, போட்டோவுக்கு நில் என்று மாடி அக்காவின் தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள். உண்மையான பாசத்தோடுதான் கூப்பிட்டாள். அம்மா கெட்டவள் இல்லை. அதனால்தான் இந்தக் கதையில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

மாடி அக்கா எழுந்திருக்கவில்லை. கை இன்னும் அந்த அம்மாளின் மடியில் இருந்தது.

“பைக்கு ஆளு வேணும்லம்மா. நீங்க போங்க, நான் அப்புறம் வாரேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நீ சொல்லிவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் இல்லை என்று தலையாட்டினேன். மூன்று பேர் முன்னாலும் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.